நகம் பிடிக்கிற நிலம்

ஏறாவூர்க் கடையில்
ஸவாஹிர் நானா மாபிளைத் துடைத்துக் காட்டினார்.
"முகம் பார்க்கலாம் தங்கச்சி."
பார்த்தேன்.
கடன் வாங்கியவளின் முகம்தான்.

நான் கேட்டது வேறு:
பின்கால் சரியில்லாத ஒரு நாய்
இதில் எழும்பி நிற்குமா?
நானா சிரிக்கவில்லை.
தன் வீட்டுப் பூனை சாப்பாட்டு வேளையில்
ஓடிவந்து, திரும்ப முடியாமல்
அலுமாரியில் போய் மோதுகிற கதையைச் சொன்னார்.
வியாபாரத்துக்கு உதவாத கதை.
அதற்காகவே தேநீர் குடித்துவிட்டு
வெறுங்கையோடு வந்தேன்.

சம்பலுக்குப் பத்து வயது.
பதுளை வீதியில் மணல் டிப்பர் தட்டியது
போன மாரிக்கு முந்திய மாரி.
இடுப்பு பொருந்தியது, கோணலாக.
வாடகை வீட்டின் பளபளத்த ஹோலில்
நாலு கால்களும் நாலு திசைக்குப் போக
வயிறு நிலத்தில் அடிபட விழுந்து
என்னைப் பார்த்து வாலை ஆட்டும்,
தான்தான் ஏதோ பிழை விட்டது போல.

மறுகா தொடங்கியது என் கணக்கு.
பிளாஸ்டிக் விரிப்பு: வெயிலில் மணக்கும்,
ஒரு வருசத்தில் கிழியும்,
கிழிந்ததெல்லாம் கடைசியில் வாவிக்குப் போகும்.
பலகை: எந்தக் காட்டுப் பலகை என்று கேட்டால்
மரக்காலைக்காரர் வானத்தைப் பார்க்கிறார்.
கித்துள் பக்கம் யானை வேலி முறித்த செய்தி
அன்று காலையில்தான் வந்திருந்தது.
சீமெந்து இழுத்துச் சிவப்புப் பூசலாம்.
இழுக்க மணல் வேண்டும்.
மணல் என்றால் முந்தனை ஆறு.
கரை இடிந்து மருதமரம் வேரோடு சரிந்த இடத்தில்
இரவிரவாக டிப்பர் வரிசை.
அதில் ஒன்றுதான்

எது என்று எனக்குத் தெரியாது.

"நாய்க்கு ரெண்டு சாக்கைப் போட்டா
முடிஞ்சிது" என்றார் விமலகாந்தன்.
போட்டுப் பார்த்தோம்.
சாக்கோடு சேர்ந்து வழுக்கியது.

கடைசியில் கல் வந்தது,
கரடியனாற்றில் இடித்த நெல் ஸ்டோரிலிருந்து.
பழஞ்செங்கல், ஆயிரத்து எண்ணூறு.
இனி இதற்காக ஒருவரும்
சூளைக்கு விறகு வெட்டத் தேவையில்லை.
செங்கலடி என்று விலாசம் எழுதி எழுதியே
இருபது வருசம் போயிருக்கிறது.
அப்போதெல்லாம் தோன்றவில்லை.

பாக்கியராசா மேசன் இடுப்பில் கைவைத்து நின்றார்.
"என்ன புள்ள, வீடா கட்டுற, மாட்டுப்பட்டியா?"
ஒரு கல்லில் ஆட்டுக்குட்டியின் குளம்பு.
களி காயுமுன் யாருடையதோ மிதித்தது.
குப்புறப் போடப் போனார்.
வேண்டாம் என்றேன்.
"அப்ப கட்டிலுக்குக் கீழ வைக்கிறன்."
ஆளுக்குப் பாதி விட்டுக்கொடுத்தோம்.
வாசலோரம் இருக்கிறது,
கதவைத் திறந்தால் மறைகிற இடத்தில்.

ஒளிக்க வேண்டாம்:
கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் நிரப்ப
மணல் எடுத்தோம். எட்டு மூடை.
எங்கத்த மணல் என்று கேட்டேன்.
"ஆத்து மணல்தான். வேற என்ன,
வானத்தாலயா கொட்டும்?"
காசு கொடுத்தேன்.
மிச்சக் காசை எண்ணியும் வாங்கினேன்.

எறும்புகள் முதல் கிழமையே குடிவந்துவிட்டன.
அவற்றுக்கு ஒருவரும்
மாதிரிக் கல் காட்டவில்லை.

சம்பல் மட்டும் உள்ளே வரவில்லை.
முற்றத்தில் மிஞ்சிய மணலில் குழி தோண்டி
கோணல் இடுப்பை அதற்குள் பொருத்தி
மூன்று நாள் படுத்துக் கிடந்தது.
கூப்பிட்டால் ஒரு காது மட்டும் எழும்பும்.

நாலாம் இரவு மழை.
கரண்ட் இல்லை.
இருட்டில், கல்லில், நகம்:
டக், டக், டக்.
வழக்கம் போல மூச்சைப் பிடித்துக்கொண்டேன்,
அடுத்தது வயிறு விழுகிற சத்தம் என்று.

கட்டிலடி வரைக்கும் வந்தது.
நின்று, உடம்பை ஒருதரம் உதறியது.
என் முகமெல்லாம்
ஆற்று மணல்.