பின் எடுத்த பின்

புதுவைப் பேருந்து நிலையத்தில்
சில்லறை தேடிப் பைக்குள் விட்ட கை
சிவப்பு ரிப்பனோடு வெளியே வந்தது.

ரிப்பன் மட்டும்.
முனையில் பின் இல்லை.
கண்ணி அறுந்த இடத்தில் நூல் நூலாய்த் துணி,
'பறக்குமுன் அகற்று' என்ற வெள்ளை எழுத்தில்
கிரீஸ் தின்றது போக மீதி.

எனக்கு முன்னால் டீ வாங்கியவர்
கிளாஸை ஆற்றிக்கொண்டிருந்தார்.
என் கழுத்துக்குக் கீழே
எல்லாம் ஏற்கெனவே ஆறிவிட்டது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்:
அந்தச் சரக்கு விமானத்துக்கு ஐந்து கால்.
தரையில் நிற்கையில் தவறி மடங்காமலிருக்க
ஒவ்வொரு முட்டியிலும் ஒரு துளை,
துளைக்கு ஒரு பின்,
பின்னுக்கு ஒரு முழ ரிப்பன்.
முந்நூறு டன்னையும் டயர்தான் தாங்குகிறது என்பார்கள்.
இரவில் அதன் வயிற்றுக்குக் கீழ் நடக்கிற எனக்கு
விரல் நீளப் பின்மேல்தான் நம்பிக்கை.

கிளம்பும்போது எல்லாம் தலைகீழ்.
காத்ததே கெடுக்கும்.
ஒன்று உள்ளே தங்கிவிட்டால் போதும்,
மேலே போனாலும் அந்தக் கால் மடங்காது.
யாரும் சாகமாட்டார்கள்.
எரிபொருளைக் கடல்மேல் கொட்டிவிட்டு
வட்டமடித்துத் திரும்பி வரும்.
கீழே ஒருத்தி
பதிவேட்டில் தன் கையெழுத்தைப் பார்த்தபடி நிற்பாள்.

நேற்றிரவு என்ன செய்தேன்?
மூக்குச் சக்கரம். இடது சிறகு. வலது சிறகு.
வயிற்றுக்கடியில் இரண்டு.
பிடுங்கினேன், பிடுங்கினேன், பிடுங்கினேன்.
கைக்கு ஞாபகம் இருக்கிறது,
ஆனால் அது எந்த இரவின் கை?
இருநூறு இரவுகளும் சேர்ந்து
ஒரே பின்னைத்தான் பிடுங்கியிருக்கின்றன.
மழை வேறு.
ஏணிமேல் நின்ற கபிலதேவனிடம் பெட்டியைக் கொடுத்தேன்.
மூடிய பெட்டி.
எண்ணிவிட்டு மூடினேனா,
மூடியதால் எண்ணியதாய் நினைத்தேனா?

வண்டி தள்ளி முடித்ததும் ஓரமாய்ப் போய்
ஸ்டியரிங் பின்னைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினேன்.
ஜன்னலுக்குள் கேப்டனின் டார்ச்
ஒருமுறை மினுங்கியது.
அது ஆறாவது பின். அதற்குச் சாட்சி உண்டு.
மற்ற ஐந்துக்கு
இருட்டும் மழையும்.

இரண்டு நாற்பதுக்கு ஓடி ஏறியது.
இப்போது ஏழு.
கால் மடங்கியிராவிட்டால் அப்போதே திரும்பியிருக்கும்,
அலைபேசி மாமல்லபுரத்திலேயே அலறியிருக்கும்.
கல்பாக்கம், மரக்காணத்து உப்பளம், காலாப்பட்டு,
எல்லா ஊரையும் வாய் திறந்து தூங்கியே கடந்தேன்.
அந்தத் தூக்கமே சாட்சி என்றது மூளை.
இந்நேரம் காஸ்பியன் கடலின் மேல் இருக்கும்,
கால் ஐந்தையும் மடக்கி, நிம்மதியாக.
என் முழங்கால் கேட்கவில்லை.

கபிலதேவனுக்கு அடித்தேன். எடுக்கவில்லை.
மறுபடி. ஸ்விட்ச் ஆஃப்.
'எங்க, கருவடிக்குப்பமா?' என்றார் ஆட்டோக்காரர்.
ரிப்பனை விரலில் சுற்றி, அவிழ்த்து, சுற்றி
கொக்கு பார்க் சிக்னல் போனது.
சாரம் போனது.
விரல் நுனி நீலமானது.

கதவைத் திறக்கும்போது பதில்:
'பெலிசித்தா, மூணாம் நம்பர் ரிப்பன் பிஞ்சிருந்துச்சு.
சாயங்காலமே புதுசு மாட்டிட்டேன்.
பழசை ஸ்டோர்ல காட்டணும்னு உன் பையில போட்டேன்.
சொல்ல மறந்துட்டேன்.
பெட்டியைத் திறந்து பார்த்தேன், அஞ்சும் இருந்துச்சு. தூங்கு.'

எண்ணியவன் அவன்.
கையெழுத்து என்னுடையது.
ஆறுதலும் வந்தது, கோபமும் வந்தது,
எது முதலில் செருப்பைக் கழற்றியது என்று தெரியவில்லை.

வெட்டிப்போடக் கத்தரிக்கோல் எடுத்தேன்.
பின் இல்லாத சிவப்பு பொய் சொல்லும்,
சிவப்பு இல்லாத பின் ஒளிந்துகொள்ளும்.
ஸ்டோரில் கேட்பார்கள்.
வைத்துவிட்டேன்.

கண் அயர்ந்த நேரம்
லாஸ்பேட்டைப் பக்கம் அந்தச் சின்ன விமானத்தின் உறுமல்.
கன்னத்தில் தலையணைத் தழும்போடு
மொட்டைமாடிக்கு ஓடினேன்.
யாரோ பிடுங்கிய பின்கள்,
யாருடைய கையோ.
மூன்று கால்தான் அதற்கு.
தென்னைகளுக்கு மேல்
ஒன்று மடங்கியது.
இரண்டு.
மூன்றாவதை
எதிர்வீட்டுத் தண்ணீர்த்தொட்டி மறைத்தது.