நடை

பத்தொன்பது ஆண்டாக இந்தத் தீவை
உட்கார்ந்தபடியே சுற்றி வருகிறேன்.
ஜெட்டியில் தொடங்கி, கொம்தாரில் மூச்சு வாங்கி,
ஆயர் ஈத்தாமில் வாலைத் திருப்பி
மறுபடியும் ஜெட்டி.
நாளுக்கு ஆறு நடை என்று கணக்கேட்டில் இருக்கிறது.
ஏறியவர்கள் எல்லாம் இறங்கி நடந்தார்கள்.
ஓட்டியவன் ஒரு நடையும் நடக்கவில்லை.

மலாய்க்காரர் வாயில் இது கென்சிங் மானிஸ்.
நாம் இனிப்பு நீர் என்கிறோம்.
இரண்டு மொழியிலும்
கலியாண வீட்டுப் பண்டம் மாதிரி ஒரு பெயர்.
ராத்திரி நான்கு தடவை எழுந்து போகிறவன்தான்
மாப்பிள்ளை.

போன தைப்பூசத்தில்
ரதத்தின் பின்னால் வெறுங்காலோடு போனேன்.
தெரு முழுக்க உடைந்த தேங்காய்.
பந்தலுக்குப் பந்தல் சிவப்புச் சீராப்.
வாங்காவிட்டால் கொடுக்கிறவர் முகம் வாடுமே என்று
ஒவ்வொன்றிலும் ஒரு கிளாஸ்.
வீட்டுக்கு வந்ததும் கோமளவல்லி கேட்டாள்:
"தரையில என்ன, சீராப்பைக் கொட்டிட்டீங்களா?"

வாசலிலிருந்து அடுப்படி வரை
என் வலது கால்
தனியாகக் கையெழுத்துப் போட்டு வந்திருந்தது.
உள்ளே அரை விரல் நீளம் தேங்காய்ச் சிரட்டை.
எனக்கு ஒன்றும் தெரியவில்லை.
அந்தக் காலால்தான் நான் பிரேக் பிடிக்கிறேன்.
பின்னால் நாற்பது பேர்.

கிளினிக்கில் மிஸ்ஸி நோராய்னி
நைலான் நூலால் பாதத்தைத் தொட்டார்.
குதிகாலில் தெரிந்தது. நடுவில் தெரிந்தது.
சுண்டுவிரல் பக்கம்,
"எப்போது தொடுவீர்கள்?" என்றேன்.
தொட்டு எடுத்துவிட்டாராம்.
ஒன்பது புள்ளி எட்டு என்று எழுதி வட்டம் போட்டார்.
வண்டி ஓட்டலாம் என்றார் டாக்டர்,
இப்போதைக்கு.
அந்த 'இப்போதைக்கு'
வீடு வரை என்னோடு பஸ்ஸில் வந்தது.

"ஒரு நடைக்கும் மறு நடைக்கும் நடுவே எவ்வளவு நேரம்?"
"எட்டு நிமிடம், மிஸ்ஸி."
"என்ன செய்வாய்?"
"ஒரு தே தாரிக். ஒரு கறிபாப்."
அவர் சிரிக்கவில்லை.
ஆறால் பெருக்கினார்.

இப்போது ஜெட்டியில்
நிறுத்திய பஸ்ஸைச் சுற்றி நடக்கிறேன்.
ஒரு சுற்றுக்கு நாற்பத்திரண்டு எட்டு.
எட்டு நிமிடத்தில் எத்தனை எட்டு என்று
எண்ணத் தொடங்கி, டயரை எண்ணி,
ஃபெரி ஊதும்போது கணக்கை விட்டுவிடுவேன்.
"பஸ்ஸுக்குள் சாமி வந்துவிட்டதா?" என்று
செங் ஹுவாட் சத்தமாகக் கேட்டான்.
மூன்றாம் வாரம் அவனும்
கையைப் பின்னால் கட்டிக்கொண்டு
எதிர்த்திசையில் சுற்றுகிறான்.
கொலஸ்ட்ரால் என்று மட்டும் சொன்னான்.

கனி பாய் கடையில் தே ஓ கோசோங் கேட்டேன்.
"யாரும் தவறிட்டாங்களா அண்ணே?" என்றார்.
வீட்டில் தட்டு சின்னதாகிவிட்டது.
கீரை சோற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.
மாத்திரை, பல்துலக்கும் தூரிகைக்குப் பக்கத்தில்.
போன வெள்ளிக்கிழமை செண்டோல் குடித்தேன்.
மறைக்கவில்லை, சொல்லிவிடுகிறேன்.
இரண்டு கிண்ணம்.
அன்று சாயங்காலம் கோமளவல்லி
ஒன்றும் பேசாமல் சப்பாத்தை எடுத்து வைத்தாள்.
தண்ணீர்மலை அடிவாரம் வரை போய் வந்தோம்.

ஏழு புள்ளி ஆறு.
இந்த முறை வட்டம் இல்லை, அடிக்கோடு.

இரவில் ஒரு பழைய பக்கக் கண்ணாடியைத்
தரையில் சாய்த்து வைத்து
உள்ளங்காலைப் பார்க்கிறேன்.
தெரியாத பக்கத்தைக் கண்ணாடியில் பார்ப்பது
என் தொழில்தானே.
இதை மட்டும்
இத்தனை வருடம் பார்க்காமல் ஓட்டியிருக்கிறேன்.

நேற்று ஜெட்டியில் ஏழாவது சுற்றில்
சப்பாத்துக்குள் ஒரு கல் உறுத்தியது.
நின்றேன். அவிழ்த்தேன்.
பயறு அளவுகூட இல்லை.
தூக்கிப் போட மனசு வராமல்
ஸ்டீயரிங் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

அது இடது கால்.
வலது இன்னும் எதுவும் சொல்லவில்லை.
அடுத்த நடைக்கு
இரண்டு நிமிடம் மிச்சம் இருந்தது.
சப்பாத்தைக் கட்டிக்கொண்டு
இன்னொரு சுற்று போனேன்.