முட்டைத் தட்டில் ஒரு சாக்லேட்

ஃபிரிட்ஜ் கதவில் ஆறு முட்டைக்குக் குழி.
நாலில் முட்டை.
ஐந்தாவதில் என் இன்சுலின் குப்பி.
ஆறாவதில் நிற்க மாட்டாமல் சாய்ந்து கிடக்கிறது
நாற்பது ரூபாய் சாக்லேட்.

அதை யாரும் தின்னக் கூடாது.
தின்னாமல் இருப்பதற்குத்தான் அது.

முதுகில் பொடியெழுத்தில் போட்டிருக்கிறான்:
குளிர்ந்த, உலர்ந்த, வாசமில்லாத இடத்தில் வைக்கவும்.
காவேரிப்பட்டினத்தில் சித்திரை மாசம்
அப்படியோர் இடம் எங்கே என்று
போடவில்லை.

முதல் வருசம் அலமாரியில் வைத்தேன்.
மத்தியானம் கஞ்சி, விடியற்காலை கல்,
பத்தே நாளில் பூசணம் பூத்த மாதிரி வெளுப்பு.
தூக்கிப் போடு என்றார் இவர்.
கடைக்கார மாதேசனிடம் கொண்டுபோனேன்.
நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தான்.
"பூசணம் இல்லீங்கக்கா, உள்ளே இருந்த நெய்தான்.
உருகுச்சு, மேலே வந்துச்சு, அங்கேயே உறைஞ்சுபோச்சு.
தின்னா ஒண்ணும் ஆகாது.
பார்க்கத்தான் நல்லா இருக்காது."

அடுத்த வருசம் ஃபிரிட்ஜ்.
பெருங்காயத்தையும் முந்தாநாள் மீன்குழம்பையும்
உறிஞ்சி வைத்துக்கொண்டது.
இப்போது கவருக்குள் கவர், ரப்பர் பேண்டு ரெண்டு சுற்று.
வெளியே எடுத்ததும் பிரித்துவிடக் கூடாதாம்,
வேர்த்துக் கொட்டுமாம்.
ஒரு குழந்தை வளர்க்கிற கவனம்
ஐம்பது கிராமுக்கு.

பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா சொல்லிவிட்டார்,
"சாக்லேட்டை நம்பாதம்மா, கொழுப்பு இருக்குது,
சர்க்கரை ரத்தத்துல ஏற நேரமாகும்.
குளுக்கோஸ் வெச்சுக்கோ."
வைத்திருக்கிறேன். கைப்பையில், தலைமாட்டில்,
கூழ் ஃபேக்டரி லாக்கரில்.
இருந்தும் ஆறாவது குழியைக் காலி பண்ண மனசில்லை.

அது பெங்களூரா சீசன், ராத்திரி ஷிப்ட்.
கொதிகலன் ஆவிகூடத் தித்திக்கும்.
எனக்கு மட்டும் சர்க்கரை இறங்கி
கை உதறி, கண்ணில் பூச்சி பறந்து,
லாரிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.
பத்தடி தூரத்தில் மாம்பழம் மலையாகக் கிடக்கிறது.
பத்தடி.
டிரைவர் கேபினிலிருந்து குதித்தான்.
சட்டைப்பையில் இருந்ததை என் வாயில் திணித்தான்.
உடம்புச் சூட்டில் இளகிய அதில்
அவன் வண்டிச் சாவியின் பல் பதிந்திருந்தது.
நாக்கு முதலில் தொட்டது அந்தப் பல்லைத்தான்.
கூடவே யாரோ மாம்பழச் சாறும் புகட்டினார்களாம்,
அதுதான் காப்பாற்றியதாம்.
இருக்கலாம்.
நான் எழுவதற்குள் லோடு ஏற்றி
ஓசூர்ப் பக்கம் போய்விட்டான்.

பன்னிரண்டு மாசம் அதற்கு ஆயுசு.
தேதி முடியும் நாளில் பிரிப்போம்.
நான் ஒரு கட்டி, அதற்கும் ஊசிக்கணக்கு உண்டு.
மிச்சம் அவருக்கு.
காலாவதி ஆனதற்காக
இனிப்பு தின்கிற வீடு எங்களுடையதுதான்.

ஒரு தடவை மட்டும் பதினேழே நாள் இருந்தது.
குளுக்கோஸ் டப்பா காலியென்று
நடுராத்திரியில்தான் தெரிந்திருக்கிறது அவருக்கு.
எனக்கு ஒன்றும் நினைவில்லை.
காலையில் பல் தேய்க்கும்போது
நுரை பழுப்பாக வந்தது.
அவர் விரலில் நான் கடித்த தடம்.
ரெண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.
சாயங்காலம் புதுசு வாங்கிவந்து
தேதி பார்த்து வைத்தார்.

இந்த வருசத்துக்கு இன்னும் நாற்பத்தோரு நாள்.

கரண்ட் போய் ரெண்டு மணி நேரமாகிறது.
ஈர மணல் போட்ட பானையைத் திறந்து
குப்பியை முதலில் இறக்குகிறார்,
அப்புறம் அதை.
முட்டைகள் கதவிலேயே இருக்கின்றன.