மூன்றாவது

பஞ்சிகாவத்தையில் வாங்கிய பெரிய டர்போ
பெட்டி பிரியாமல் மேசையில் கிடக்கிறது.
"முதல்ல எஞ்சினுக்கு மூச்சு இரிக்கா பாப்பம்" என்றான் நிப்றாஸ்.
சாய்ந்தமருதில், அசர் பாங்கு சொல்லச் சற்று முன்.

சூடு ஆறவில்லை.
நாலு பிளக்கையும் கழற்றி
பழைய பேப்பரில் வரிசையாய் வைத்தான்,
பெற்றோல் பம்பின் பியூசைப் பிடுங்கி
என் சட்டைப்பைக்குள் போட்டான்.
"அடிமட்டும் மிதி. நான் சொல்லாம எடுக்காத."

நூற்றைம்பது.
நூற்றைம்பத்தைந்து.
தொண்ணூறு.
நாலாவதை அவன் சொன்னான்,
எனக்குக் கேட்கவில்லை.

அந்தத் துளைக்குள் ஒரு தேக்கரண்டி ஓயில்.
மறுபடி மிதித்தேன்.
கேஜின் முள் நூற்று முப்பதுக்கு ஏறிற்று.
"ஏறிட்டு!" என்று கத்தினேன்.
"ஓயில் அடைச்சுத்தான் ஏறுது, மச்சான்.
ரிங் முடிஞ்சி.
இதுக்குள்ள இன்னும் காத்த ஏத்தப் போறியா?"

பாங்கு கேட்டது. கை கழுவப் போனான்.

டர்போவைப் பின்சீட்டில் இருத்தி
பெல்ட்டும் போட்டுவிட்டு
சாவியைத் திருப்பினேன்.
சுற்றுகிறது, பிடிக்கவில்லை.
மீண்டும் திருப்பினேன்.
மற்ற மூன்றுமா போயிற்று?

வியர்வை துடைக்கக்
கைலேஞ்சி தேடிய விரலில்
தட்டுப்பட்டது பியூஸ்.