முடித்துவைக்கும் சொல்

செவ்வாய், வெள்ளி. காலை ஆறரை.
திருகோணமலை ஆஸ்பத்திரி, மூன்றாவது மெஷின்.
றிஸ்மினா ஊசி ஏற்றும்போது சன்னலைப் பார்ப்பேன்.
கடல் பக்கத்தில்தான், இந்தக் கட்டிலிலிருந்து தெரியாது.
தண்ணீர்த்தாங்கி தெரியும். அதன் கீழே ஒரு மான்
யாரோ எறிந்த இடியப்பப் பொதியைப் பிரித்துக்கொண்டிருக்கும்.

இருபத்தாறு வருஷம் துறைமுகக் கோபுரத்தில்
சானல் பதினாறு கேட்டவன் நான்.
கூப்பிடுகிறவன் குரலை வைத்தே
படகில் எவ்வளவு தண்ணீர் என்று சொல்லிவிடுவேன்.
என் விலாவுக்குக் கீழே நடந்த பேச்சு மட்டும் கேட்கவில்லை.
காலைச் சிறுநீரில் நுரை. அதுதான் முதல் செய்தி.
கழிப்பறை கழுவிய சோப்பு என்று நினைத்தேன்,
ஒன்றரை வருஷம்.

டொக்டர் சுபாங்கி போனில் படம் காட்டினா:
ஊசியால் எடுத்த துணுக்கு, சாயம் போட்டது.
அங்கங்கே சிவப்பு. மிச்சமெல்லாம் நீலம்.
"வடிவாயிருக்கு" என்றேன்.
"நீலமெல்லாம் தழும்பு, ஐயா."
எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.
கடல் வரைபடத்தில் ஆழம் வெள்ளை.
நீலம் தீட்டிய இடத்தில்
அடி தட்டும், கப்பலைத் திருப்பு.

யார் போட்ட தழும்பு என்று கேட்டேன்.
அவ சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன்.
சர்க்கரையும் அழுத்தமும் அடித்து
ஒரு செல் காயப்படுகிறது. கூப்பிடுகிறது.
பக்கத்துச் செல்லின் தோலில் காது உண்டு,
கேட்டதைக் கருவரைக்கும் கொண்டோட
உள்ளே ஆட்கள் உண்டு.
கருவிலிருந்து உத்தரவு வரும்:
நார் நெய், ஓட்டையை அடை.
நல்ல உத்தரவு. விரல் வெட்டுப்பட்டால்
மூடுவதும் இதேதான்.
போதும் என்றுதான் யாரும் சொல்லவில்லை.
நார் இறுக, இறுகிய இடத்தில் இரத்தம் குறைய,
குறைந்த இடத்தில் இன்னொரு செல் கூப்பிட

ஒரு மார்கழி. வாடைக்காற்று.
புல்மோட்டைப் பக்கத்துப் படகொன்று மேடே சொன்னது.
எடுத்தேன், திரும்பச் சொன்னேன்,
கேட்டவன் அடுத்தவனுக்குச் சொன்னான்.
பதினொரு படகு இறங்கின.
கூப்பிட்ட பாக்கியநாதர் எப்படியோ கரையேறி
உடுப்பு மாற்றி, சோறு தின்று படுத்துவிட்டார்.
சீலொன்ஸ் ஃபீனி என்று ஒரு சொல் உண்டு வானொலியில்.
ஆபத்து முடிந்தது, அவரவர் வேலையைப் பாருங்கள்.
அது என் மேசையிலிருந்து போகவேண்டிய சொல்.
பத்தேகாலுக்குப் போன் அடித்ததாம்.
நான் தேத்தண்ணிக்குக் கீழே இறங்கியிருந்தேன்.
விடியும்வரை தேடினார்கள்.
தேடப்போன இரண்டு படகு இருட்டில் மோதி உடைந்தன.
ஒருவனுக்குக் கை போனது.
'தகவல் தொடர்பில் தவறு' என்று அறிக்கை எழுதினேன்.
எழுவாய் இல்லாத வாக்கியம்.

இரவு மாத்திரை காதைப் பொத்துகிறதாம்,
கூப்பிடுகிற வாயை அல்ல.
ஐந்து வருஷம் முந்திப் பொத்தியிருந்தால் என்று
டொக்டர் தொடங்கி, கோப்பைப் புரட்டினா.

நாலாவது மெஷினில் ஆரியசிங்க.
கோமரங்கடவலையில் வயல்.
சர்க்கரை இல்லை, அழுத்தம் இல்லை.
அவருடைய கோப்பில் காரணம் என்ற இடத்தில்
ஒரு கேள்விக்குறி. கிணற்றுத் தண்ணீர் என்கிறார்கள்,
மருந்தடித்தது என்கிறார்கள், வெயில் என்கிறார்கள்.
அவருக்குள் முதலில் கூப்பிட்டது எது என்று
இன்னும் யாருக்கும் தெரியாது.

மெஷின் கத்துகிறது. ஏதோ குழாய் மடிந்திருக்கும்.
றிஸ்மினா வந்து ஒரு பொத்தானை அமர்த்துகிறா.
சத்தம் நின்றது. சிவப்பு விளக்கு நிற்கவில்லை.
"சீலொன்ஸ் ஃபீனி" என்கிறேன், என்னையறியாமல்.
என்ன பாஷை என்று ஆரியசிங்க சைகையால் கேட்கிறார்.
கடலிருக்கும் திசையைக் காட்டப் பார்த்தேன்.
ஊசி குத்திய கை,
தூக்க முடியாது.