மாற்றுக்குறி

ஆயுதக் கிடங்கு மேசைமேல் மூன்று டப்பாக்கள்.
மணிமுத்தாற்றில் நாலு நாளாக அடைமழை.
டியூப்லைட் இருமுறை விக்கிவிட்டு எரிந்தது.
எதை வாங்குவதென்று நாளைக்குள் எழுதித் தரவேண்டும்.
நான் ஆர்மரர், ஹவில்தார் தேவகிருபை.
பத்தொன்பது வருஷம் துப்பாக்கிக்கு எண்ணெய் விட்டு
நகக்கண் கறுத்தவள்.

புதிதாக வந்தவை குட்டைத் துப்பாக்கிகள்.
குழல் முழத்துக்கும் குறைவு.
மேலே ஒரு கண்ணாடி, அதற்குள் சிவப்பாய் ஒரு பொட்டு.
பொட்டை வை, விசையை இழு, அவ்வளவுதான்.
பையன்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

“அதான் புள்ளி இருக்கே, பெறவு எதுக்கு இரும்புக் குறி?”
கணக்குப் பிரிவு குற்றாலநாதன் கேட்டார்.
“பேட்டரி தீந்தா?”
“மாத்திக்கிட வேண்டியதுதான்.”
“மாத்துதது வரைக்கும் எதுத்தாப்புல நிக்கவன்
டீ குடிச்சிட்டு இருப்பானா, அண்ணாச்சி?”
சிரித்தார். விலையைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

போன கார்த்திகை, மாஞ்சோலைக்கு மேலே ரோந்து.
ஜீப்பின் கதகதப்பிலிருந்து மூடுபனிக்குள் இறங்கியதும்
ஆழ்வாரப்பனின் கண்ணாடி வேர்த்துவிட்டது.
துடைத்தான். வேர்த்தது. துடைத்தான்.
பத்தடியில் கறுப்பாய் ஒன்று எழுந்து நின்றது.
கரடி.
அது மூச்சை ஒருதரம் சீறிவிட்டுத்
தன் பாட்டுக்குச் சரிவில் இறங்கிப் போனது.
யாரும் சுடவில்லை. சுட்டிருக்கவும் கூடாது.
ஆனாலும் ராத்திரி எனக்குப் போன் செய்தான்:
“எக்கா, கையில வெறும் கொழாயப் பிடிச்சிட்டு நின்னேன்.”

முதல் டப்பா பிளாஸ்டிக்.
முந்திரித்தோடு மாதிரி எடையே இல்லை.
சுட்டுச் சுட்டுக் குழல் காய்ந்தால் தாங்குமா?
வீட்டுத் தோசைக்கல்லில் வைத்துப் பார்த்தேன்;
முன்குறி மெல்ல வடக்கே சாய்ந்தது.
(தோசைக்கல் போனதற்கு வீட்டில் தனி விசாரணை.)

இரண்டாவது எஃகு, மடக்கி நிமிர்த்துவது.
‘டிக்’ என்று எழும்; அந்தச் சத்தத்துக்கே காசு கொடுக்கலாம்.
ஒரு ராத்திரி செம்மண் சேற்று வாளியில் போட்டேன்.
காலையில் அழுத்தினால்
எழுப்பாதே என்கிற மாதிரிக் கிடந்தது.

மூன்றாவது மடங்காது.
எப்போதும் நிற்கும், கண்ணாடியின் அடியோரத்தில்.
“குறுக்க நிக்குது எக்கா, எளவு.”
நிற்கட்டும்லே.
வாசலில் கிடக்கிற செருப்பைக்
கண் ரெண்டு நாளில் விட்டுவிடும்,
கால்தான் மறக்காது.

குட்டைத் துப்பாக்கியில் ஒரு சங்கடம்:
முன்குறிக்கும் பின்குறிக்கும் நடுவே
ஒரு சாண் சொச்சம்தான்.
பழைய நீளத் துப்பாக்கியில் இரண்டரைச் சாண்.
மயிரிழை பிசகினால் நூறு மீட்டரில்
அதில் ஒரு விரற்கடை விலகும்,
இதில் இரண்டு.
அந்த இன்னொரு விரற்கடைக்குள் நிற்பது யார் என்று
எந்தக் கொட்டேஷனிலும் போடவில்லை.

மழை வெறித்த காலை, ரேஞ்ச்.
முன்குறி முனையில் அம்பை ஃபேன்சி ஸ்டோர்
ஆரஞ்சு நகப்பூச்சு ஒரு தொடல்.
ஈரமணலில் குப்புறப் படுத்தேன்.
பின்குறித் துளைக்குள் முன்குறி,
முன்குறிக்கு அப்பால் இலக்கு.
கண் ஒன்றைத்தான் தெளிவாகப் பார்க்கும்;
முன்குறியைப் பார் என்பது பாடம்.
இலக்கு மங்கித்தான் தெரியும்.
சிவப்புப் பொட்டில் அப்படியில்லை,
முகத்தைப் பார்த்துக்கொண்டே சுடலாம்.
இரண்டில் எது இரக்கம் என்று
இந்த வயசு வரைக்கும் எனக்குப் பிடிபடவில்லை.

ஐந்து தோட்டா.
ஓர் உள்ளங்கைக்குள் ஐந்தும்,
கொஞ்சம் இடப்புறம்.
முன்குறியை இடப்பக்கமாக அரைத் திருப்பு தள்ளி
மறுபடி படுத்தேன். பக்கத்தில் வரிசையாக ஏழு பேர்.

“நிறுத்து!”

தோகை உதிர்ந்த ஆண்மயில் ஒன்று
மண்மேட்டிலிருந்து இறங்கி
நாலாம் இலக்கின் முன்னால் எதையோ கொத்தியது.
எட்டுத் துப்பாக்கிகளும் மணலைப் பார்த்தன.
ஆழ்வாரப்பன் “ச்சூ, ச்சூ” என்றான்.
அது கேட்கிற மாதிரி இல்லை.
நகப்பூச்சு இன்னும் முழுசாகக் காயவில்லை,
விரலில் ஒட்டியது.