ஆளுக்கு ஒரு கரண்டி

துகெகராவில் பகல் பன்னிரண்டுக்கு
நிழலுக்கே வேர்க்கும்.
முச்சக்கர வண்டிகள் எங்கே முட்டிக்கொண்டு நிற்கின்றனவோ
அந்தக் கடையில் சாப்பிடு என்பார்கள்.
பத்தொன்பது வண்டிகள்.
எண்ணிவிட்டுத்தான் உள்ளே போனேன்.

அலிங் பெனிங் கடையில் மூன்றே அளவு:
சாதா, ஸ்பெஷல்,
அதற்கும் மேலே ஒன்று.
அதை வாங்குகிறவனை எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.
எனக்குச் சாதா. எழுபது பெசோ.
மருந்துக்கடையில் சம்பளம் வெள்ளிக்கிழமை,
இன்று செவ்வாய்.

மேசையில் ஏற்கெனவே ஒருவர்,
கழுத்தில் ஈரத்துண்டு, சட்டையில் வண்டி எண்.
கேட்காமல் எதிரே உட்கார்ந்தேன்.
இங்கே யாரும் கேட்பதில்லை.

பான்சித் வந்தது.
தடித்த மஞ்சள் நூடுல்ஸ்,
எருமைக்கறிக் கொத்து, முளைப்பயறு,
உச்சியில் கண்மூடாத ஒரு முட்டை.
பக்கத்துக் கோப்பையில் முட்டை கலக்கிய சூப்
நாக்கைச் சுடக் காத்திருந்தது.

வெங்காயக் கிண்ணத்தைக் காணோம்.
சுவரில் அட்டை:
"ஆளுக்கு ஒரு கரண்டி. மேலே வேண்டுமென்றால் ஐந்து பெசோ.
கோபப்படாதீர்கள். எனக்கும் கோபம்தான்."

போன வருடம் வரை
இந்தக் கடையில் வெங்காயம் மின்விசிறிக் காற்று மாதிரி,
யார் பங்கு எவ்வளவு என்று யாரும் பார்த்ததில்லை.
இப்போது கறியைவிட விலை.
பெனிங்கின் மகள் தூக்குவாளியோடு மேசை மேசையாக வருகிறாள்,
கரண்டியின் தலையைக் கத்தியால் வழித்துச் சமன் செய்கிறாள்.
நான் பொடி மருந்து நிறுப்பதுகூட
இவ்வளவு கறாராக இல்லை.

என் பங்கின் மேல் சோயா ஊற்றி
கலமன்சி பிழிந்து
மிளகாயைக் கிள்ளிப் போட்டுக் கலக்கினேன்.
நிமிர்ந்தால்,
எதிரே இருந்தவர் தன் ஒரு கரண்டியை
பிளாஸ்டிக் பைக்குள் கொட்டி
காற்றை நசுக்கி வெளியேற்றி முடிச்சுப் போடுகிறார்.
"ராத்திரிக்கு வதக்க" என்றார்,
நான் எதுவும் கேட்காதபோதே.
பை சட்டைப்பைக்குள் போயிற்று.

மகள் பார்த்தாள். அடுத்த மேசைக்குப் போனாள்.

என் வெங்காயம் கறுத்து ஊறிவிட்டது.
இனி அதை யாருக்கும் தர முடியாது.
தந்திருப்பேனா?
தெரியவில்லை. நல்ல பசி.

சூப்புக்கு இன்னும் காசில்லை.
அவர் மூன்று கோப்பை குடித்தார்,
நான் இரண்டு.
மஞ்சள் கரு உடைந்து நூடுல்ஸில் இறங்கிய இடத்தில்
கொஞ்ச நேரம் விலைவாசி மறந்தது.

வெளியே அவர் வண்டிதான் முதலில் நின்றது.
இருபது கேட்டார்.
பதினைந்து என்றேன்.
தலையாட்டினார்.
சந்தையைத் தாண்டி ஆற்றுப்பாலம் வரை
சட்டைப்பையிலிருந்து ஒரு வாசனை
டிக்கெட் எடுக்காமல்
எங்களோடு கூடவே வந்தது.